உருளைக்கிழங்கின் மேல் என்ன போடுவது

காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. போகும்போது அது என் மனைவியின் மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது என்பது எங்களுக்கு உடனே தெரியவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்த முதல் காலையில் காபித்தூள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தத் தூள் பழசாயிடுச்சா பாருங்க. மணமே இல்ல."

செம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு கிடையாது. கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த எனக்கே அந்தத் தூள் மணத்தது. "வீடே மணக்குது. உனக்கு ஜலதோஷம் இன்னும் போகல" என்றேன். அவள் டப்பாவை மூக்கோடு சேர்த்து வைத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு பெருங்காய டப்பாவைத் திறந்தாள். பிறகு ஒரு பல் பூண்டை நசுக்கினாள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் புகையில் முகத்தை நீட்டினாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் எதையோ எடுத்து ஒளித்து வைத்துவிட்டதைப் போல.

வேளச்சேரியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், கடைசியில், "நரம்பு பாதிச்சிருக்கு. வரலாம், வராமலும் போகலாம்" என்றார். எப்போது வரும் என்றேன். அதைச் சொல்ல முடியாது என்றார். எனக்கு மருத்துவர்களைத் திட்டுவது பிடிக்கும். ஸ்கூட்டரை எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவேன். இந்த மனிதர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். அவரை என்னவென்று திட்டுவது? வீடு வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

வாசனை போனால் என்ன, கண்ணா போய்விட்டது, காதா போய்விட்டது என்று நான் முதலில் நினைத்ததை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரிய வேண்டுமானால் எங்கள் சமையல் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சமைக்கிறவர் ருசி பார்ப்பதில்லை. சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்து சாமி படங்களுக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவது. அதற்கு முன்னால் நாக்கில் விட்டுப் பார்த்தால் எச்சில். எச்சிலைப் படைக்க முடியாது. அப்படியென்றால் உப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? என் மனைவி கொதிக்கிற குழம்புக்கு மேல் லேசாகக் குனிவாள். ஆவியை வாங்குவாள். "உப்பு கம்மி" என்று ஒரு சிட்டிகை போடுவாள். சாப்பிடும்போது சரியாக இருக்கும்.

நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். இதை எப்படிச் சும்மா விடுவேன்? கல்யாணமான புதிதிலிருந்து இதில் எங்களுக்குச் சண்டை.

"சோடியம் குளோரைடுக்கு வாசனை கிடையாது" என்பேன்.

"யாரு சொன்னா?"

"உலகமே சொல்லுது."

"உலகம் குழம்பு வெச்சு பாத்துதா?" என்பாள். தட்டில் குழம்பு சரியாக இருக்கும்.

காய்ச்சலுக்குப் பிறகும் கொஞ்ச நாள் விடாமல் சமைத்தாள். பாவம், கண்ணைக் கட்டிக்கொண்டு சமைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருநாள் சாம்பார் கடல் தண்ணீராக இருந்தது. மறுநாள் ரசத்தில் உப்பே இல்லை. தாளிப்பு கருகிப் புகை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள். "ஒரு சொட்டு நாக்குல விட்டுப் பாரேன், சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றேன். கேட்கவில்லை. "சரி, படைக்காம சாப்பிடுவோம்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சாமிக்குக் காட்டாம சாப்பிட்டா அது சாப்பாடு இல்ல, தீனி." அதோடு கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இனிமே நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். சாமி அலமாரியில் அன்றிலிருந்து ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் கல்கண்டும் மட்டும்தான்.

நான் எதைப் பார்த்துக்கொள்வது? எனக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கத் தெரியும். முதலில் மெஸ்ஸில் சொல்லிவைத்தேன். அவள் தட்டு முன்னால் உட்காருவாள், இரண்டு வாய் எடுப்பாள், எழுந்துவிடுவாள். நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் நன்றாகவே தெரிந்தது. மிளகாய் சுள்ளென்று உறைக்கவும் செய்தது. மற்றதெல்லாம் மூக்கின் வேலை என்று வகுப்பில் நடத்துகிற குரலிலேயே அவளுக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ இவ்வளவு வருஷமா நான் மூக்காலதான் சாப்பிட்டேனா?" என்றாள். விளக்கியிருக்க வேண்டாம் என்று பட்டது.

"இது சாம்பார்னு தெரியுது. ஆனா சாம்பாரா இல்ல. அதுதாங்க முழுங்க முடியல" என்றாள் ஒருநாள்.

எடை இறங்கியது. ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால் வளையல்கள் முழங்கை வரை போய் நின்றன. இரண்டாவது முறை போனபோது மருத்துவர் மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால் அவளை எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறச் சொன்னார். "இப்படியே போனா அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்த வேண்டி வரும்மா. பிடிக்குதோ இல்லியோ, சாப்பிடணும்" என்றார். அவள் தலையாட்டினாள். பிடிக்காததைச் சாப்பிடுவதில் அவளுக்குக் கஷ்டமே இல்லை, எத்தனையோ வருஷம் நான் வாங்கி வந்த காய்களை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டவள். பிடித்தவை எல்லாம் வேறு எதுவாகவோ மாறி நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புனேயில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் வீடியோ காலில் அந்த யோசனையைச் சொன்னாள். போன வருஷம் ஊருக்கு வந்தபோது கேக் செய்யலாம் என்று அவள் வாங்கிவைத்த ஓவன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

"அப்பா, உருளைக்கிழங்க நல்லா கழுவி, முள்கரண்டியால குத்தி, தோலோட அப்படியே உள்ள வைங்க. முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம். வெந்ததும் நடுவுல கீறி, மேல எதாவது போட்டுக் குடுங்க."

"மேல என்ன போடணும்?"

"எதாவதுப்பா. அதான் அதுல இருக்கற ஜாலியே."

அந்த "எதாவது" எனக்கு எமனாக வரும் என்று அப்போது தெரியவில்லை.

முதல் கிழங்கை நான் குத்த மறந்தேன். உள்ளே டமாரென்று வெடித்தது. என் மனைவி கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். நீராவியின் அழுத்தம் பற்றி வருஷா வருஷம் பாடம் எடுக்கிறவன் ஓவனுக்குள் தலையை விட்டுக் கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. இரண்டாவது கிழங்கு வெளியே வெந்து நடுவில் பச்சையாக இருந்தது. மூன்றாவது சரியாக வந்தது. தோல் மொறுமொறுவென்று, உள்ளே மாவு மாவாக. நடுவில் கீறி, வெண்ணெயும் உப்பும் வைத்து அவள் முன்னால் நீட்டினேன்.

ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாய் எடுத்தாள். பாதிக் கிழங்கு போனது. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது பரவால்லங்க" என்றாள். "இது எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியாதே."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எங்கள் வீட்டில் யாரும் உருளைக்கிழங்கை இப்படிச் சாப்பிட்டதில்லை. மசித்திருக்கிறோம், வறுத்திருக்கிறோம், பட்டாணி போட்டுக் கூட்டு வைத்திருக்கிறோம். முழுசாகச் சுட்டுக் கீறி வைத்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் பழைய ஞாபகம் எதுவும் இல்லை. அதனால்தான் தொண்டைக்குள் இறங்குகிறது.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பள்ளியில் ஆசிரியர் அறையில் பேச்சுவாக்கில் கேட்டேன்: சுட்ட உருளைக்கிழங்கின் மேல் என்ன போடலாம்? அங்கே எந்தக் கேள்விக்கும் எல்லோரிடமும் பதில் இருக்கும். உடற்கல்வி ஆசிரியர் அவித்த முட்டையை நொறுக்கிப் போடச் சொன்னார். கணினி டீச்சர் சீஸும் ஸ்வீட் கார்னும் என்றார். இயற்பியல்காரர் தேங்காய்ச் சட்னியைத் தவிர வேறு எதைப் போட்டாலும் அது நாகரிகம் இல்லை என்றார். தமிழாசிரியர், "கிழங்கை ஏன் சுட வேண்டும், வேறு எத்தனையோ வழி இருக்கிறதே" என்று மூலத்தையே கேள்வி கேட்டார். எல்லோருக்கும் இது வேடிக்கையாக இருந்தது. எதற்காகக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நாட்டு மருந்து சொல்வார்கள்.

கேம்ப் ரோடில் சூப்பர் மார்க்கெட்டில் சீஸ் வாங்கிவந்தேன். உருக்கிப் போட்டேன். "ரப்பர்" என்றாள். மக்காச்சோளம் வெந்ததும் அவளுக்கு இனிப்பாக, வழவழவென்று இருந்தது, தள்ளிவைத்தாள். கெட்டித் தயிரைக் குளிரக் குளிரச் சுடுகிற கிழங்கின் மேல் போட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். "சூடும் குளிரும் ஒண்ணா வருது, நல்லாருக்கு" என்றாள். எனக்குப் பிடி கிடைத்தது. மணத்தில் எதுவும் ஆகாது. சூடு, குளிர், புளிப்பு, உறைப்பு, மொறுமொறுப்பு, இவ்வளவுதான் கையில் இருக்கும் சீட்டு. எலுமிச்சை பிழிந்தேன். மாதுளை முத்துக்களைப் போட்டேன். வறுத்த வேர்க்கடலையை உடைத்துப் போட்டேன். ஓமப்பொடியைத் தூவிக் கொடுத்த அன்று முழுக் கிழங்கும் போனது. "கடக்கு முடக்குன்னு சத்தம் கேக்குது. இப்ப காதால சாப்பிடறேன்" என்றாள். அன்று ராத்திரி மகளுக்கு நானே போன் போட்டு, என்னவோ நோபல் பரிசு கிடைத்தவனைப் போல ஓமப்பொடியைப் பற்றிப் பேசினேன்.

அஸ்தினாபுரத்தில் தெருமுனையில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அக்காவிடம்தான் பள்ளி விட்டு வரும்போது கிழங்கு வாங்குவேன். "இன்னா சார், டெய்லி உருளக்கெழங்கே வாங்கினு போற? வூட்ல அம்மா வேற எதுவும் ஆக்கறதில்லியா?" என்று கேட்டாள் ஒருநாள். "ஒடம்பு சரியில்ல" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பெரிய பெரிய கிழங்காகப் பொறுக்கிப் போட்டாள்.

கொஞ்சம் நன்றாகப் போனால் என்னால் சும்மா இருக்க முடியாது. அது என் குணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோது பருப்புப்பொடி ஜாடி கிடைத்தது. காய்ச்சலுக்கு முன்னால் அவள் வறுத்து அரைத்து வைத்தது. மூடியைத் திறந்ததும் பூண்டும் மிளகாயும் வறுத்த பருப்புமாக ஒரு மணம் வந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. உப்பும் உறைப்பும் இருக்கிறது, நறநறவென்று பல்லில் படும், இதைவிட வேறென்ன வேண்டும்? கிழங்கைக் கீறி, பொடியை அள்ளிப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி, என்ன என்று சொல்லாமல் கொண்டுபோய் வைத்தேன். அவளே கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்று.

ஒரு வாய்தான். மெல்லுவதை நிறுத்தினாள். மணம் தெரியாவிட்டாலும் தான் அரைத்த பொடியின் பதம் நாக்குக்குத் தெரியாதா? முழுங்கினாள். தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இத ஏங்க இதுல போட்டீங்க?"

"உன் பொடிதானேன்னு..."

"அதனாலதான் கேக்கறேன்."

அவள் அழுதது சத்தமில்லாமல். முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு தோள் மட்டும் குலுங்கியது. நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். மின்விசிறியைக் கூட்டினேன். பிறகு குறைத்தேன். அவள் எழுந்து போய் ஜாடியை இறுக மூடி, ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து கிழங்கும் போயிற்று. தொந்தரவே இல்லாத ஒரு பொருள் அவளுக்கு இருந்தது, அதிலும் கொண்டுபோய் வீட்டுச் சமையலின் ஞாபகத்தைக் கலந்துவிட்டேன். இப்போது கிழங்கைப் பார்த்தாலும் பொடிதான் ஞாபகம் வருகிறது என்றாள். தயிர், எலுமிச்சை, ஓமப்பொடி எதுவும் எடுபடவில்லை. கஞ்சி குடித்தாள், பாதி டம்ளர். நான் தினமும் மாலையில் ஒரு கிழங்கைச் சுட்டு வைப்பேன், ராத்திரி நானே சாப்பிடுவேன். எனக்கு எடை ஏறியது. அவளுக்கு இறங்குவதும் எனக்கு ஏறுவதும் ஒரே வீட்டில் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அடுத்த முறை மருத்துவரிடம் போய்த் திரும்பும்போது மணி நாலு இருக்கும். எடை இன்னும் இறங்கியிருந்தது. அடுத்த வாரமும் இப்படி என்றால் அட்மிட் ஆகப் பையோடு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி வரும்போது எதிர்க்காற்று. குப்பை மேட்டுப் பக்கத்திலிருந்து குப்பென்று அடித்தது. முன்னால் பைக்கில் போனவன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். நானும் வண்டியை ஓரம் கட்டி, கைக்குட்டையை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டேன். இந்த இடம் வந்தால் முதல் ஆளாக முந்தானையை மூக்கில் வைத்து, "சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க" என்று என் முதுகைத் தட்டுகிறவள் அவள். இன்று முதுகில் கை படவில்லை. திரும்பிப் பார்த்தேன். முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் நின்ற கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாறுதா?" என்றாள்.

"ம்."

"எப்படி நாறுது? சொல்லுங்க."

எனக்கு அது சுலபம். "அழுகின முட்டை மாதிரி. ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதுக்கு மேல பிளாஸ்டிக் எரியற நெடி. அதுக்கும் கீழ சாக்கடை, மக்கிப்போன வாழ இல. கொஞ்சம் அமோனியா, மூக்கு எரியுது" என்றேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "கரெக்ட்" என்றாள். "அப்படியேதான் இருக்கும். நல்லா சொல்றீங்களே."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அந்த நாற்றத்துக்கு நடுவில்.

அன்று மாலை நான் கிழங்குக்கு மேல் போடக் கொத்தமல்லி நறுக்கிக்கொண்டிருந்தேன். வழக்கம்தான், அவள் சாப்பிடப்போவதில்லை. அவள் வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"இது எப்படி இருக்கு? இதையும் சொல்லுங்க."

கொத்தமல்லியை எடுத்து முகர்ந்தேன். "நல்லாருக்கு" என்றேன்.

"நல்லாருக்குன்னா?"

"பச்சையா... ஃப்ரெஷ்ஷா இருக்கு."

காத்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி முகர்ந்தேன். வாசனை மூக்கு நிறைய வந்தது. சொல்லத்தான் எதுவும் வரவில்லை. பள்ளிப் பாடத்தில் எனக்கு எல்லாக் கெட்ட நாற்றத்துக்கும் வார்த்தை இருக்கிறது. அழுகிய முட்டை, எரிச்சலூட்டும் நெடி, மூச்சை அடைக்கும் நெடி. சாப்பாட்டுக்கு ஒன்றுகூட இல்லை. "கொத்தமல்லி மாதிரிதான் இருக்கு" என்றேன் கடைசியில்.

"முப்பது வருஷமா தினம் சாப்பிட்டீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகக்கூட இல்லை. ஆச்சரியமாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அடுத்து வந்த நாட்களில் நான் கண்டதையும் முகர்ந்துகொண்டு அலைந்தேன். சீரகம், சுக்கு, புளி, கழுவிய அரிசி. ஒன்றுக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. தள்ளுவண்டி முன்னால் நின்று கொத்தமல்லிக் கட்டை மூக்கில் வைத்திருந்தபோது, "இன்னா சார், மோந்து பாத்துகினே நிக்கறே? வாங்கறதுன்னா வாங்கு" என்றாள் அந்த அக்கா. "இது என்ன வாசனைன்னு உன்னால சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். "மல்லிக்கு மல்லி வாசனதான் வரும். பேஜார் பண்ணாத சார், போ" என்றாள். அவளுக்கும் தெரியவில்லை என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுவாரம் பையோடு போக வேண்டிய வாரம். நைட்டி இரண்டு, துண்டு, பிளாஸ்க் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக் கட்டிலில் வைத்திருந்தாள். நான் கிழங்கை ஓவனிலிருந்து எடுத்துக் கீறி வைத்துவிட்டு, மேலே என்ன போடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அவள் உள்ளே வந்தாள். "தள்ளுங்க" என்றாள்.

வாணலியை வைத்து நெய் விட்டாள். கடுகு வெடிக்கும் சத்தத்தைக் காதால் கேட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். பெருங்காயம், துருவிய இஞ்சி, கீறிய மிளகாய். அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லியைத் தூவி, எல்லாவற்றையும் வழித்துக் கிழங்கின் மேல் விட்டாள். வெள்ளிக்கிழமை என்பதால் வெங்காயம் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு சாமி அலமாரி பக்கம் போனவள் நின்றாள்.

"உப்பு போட்டேனா?"

எனக்குத் தெரியவில்லை. நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை.

"மோந்து பாருங்க" என்று தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சோடியம் குளோரைடுக்கு வாசனை கிடையாது. நான் குனிந்தேன். கண்ணை மூடி, அவள் செய்வதைப் போல ஆவியை வாங்கினேன். நெய் வந்தது, இஞ்சி வந்தது, கிழங்குத் தோலில் சுட்ட மண்ணைப் போல ஏதோ வந்தது. உப்பு வருகிறதா என்று உண்மையாகவே தேடினேன். அவள் தட்டைப் பிடித்த கை மெலிந்து, வளையல் தட்டின் விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது.

"இருக்கு" என்றேன்.

"போதுமா?"

"போதும்."

நம்பினாள். படங்களுக்கு முன்னால் வைத்தாள், சூடம் காட்டினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பல நாளுக்குப் பிறகு அந்த அலமாரிக்கு முன்னால் அடுப்பில் செய்த ஒன்று இருந்தது. பிறகு தட்டைத் தரையில் வைத்து இருவரும் உட்கார்ந்தோம். கிழங்கைப் பிட்டு வாயில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உப்பே இல்ல" என்றாள்.

உப்பு ஜாடியை எடுக்க எழுந்தேன்.

"உக்காருங்க. சாமியே உப்பில்லாம சாப்பிட்டாச்சு. நாம மட்டும் போட்டுக்கணுமா?" என்றாள். பிறகு, "இருக்குன்னு சொன்னீங்களே. அப்ப என்னதான் வந்துச்சு உங்க மூக்குக்கு?"

"இஞ்சி வந்துச்சு."

"எப்படி?"

"காரமா... துரு புடிச்ச ஆணி மாதிரி."

"இஞ்சியா? துருவா?" சிரித்தாள். வாயில் இருந்ததை முழுங்கினாள். "இஞ்சி அப்படி இருக்காதுங்க. மழ பேஞ்ச மண்ணுல எலுமிச்சம்பழத்த நசுக்கின மாதிரி வரும். முதல்ல மூக்கு நுனியில நிக்கும், அப்புறம்தான் உள்ள போகும். கறிவேப்பில?"

"பென்சில் சீவின மாதிரி."

"அய்யோ" என்றாள். இன்னொரு வாய் பிட்டாள். கறிவேப்பிலை நெய்யில் விழும்போது ஒரு வாசனை, பொரிந்த பிறகு ஒரு வாசனை என்றாள். பெருங்காயம் டப்பாவில் இருக்கும்வரை நாறும், எண்ணெயில் பட்டதும் மணக்கும் என்றாள். நான் ஒவ்வொன்றையும் தப்பாகச் சொன்னேன், வேண்டுமென்று இல்லை, எனக்கு அவ்வளவுதான் வந்தது. அவள் ஒவ்வொன்றையும் திருத்தினாள். அவள் சொல்லச் சொல்லத்தான் என் மூக்குக்கு அதெல்லாம் இருப்பது தெரிந்தது. அவளுக்கு எதுவும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பேசிக்கொண்டே தோலைத் தவிர எல்லாவற்றையும் சாப்பிட்டிருந்தாள். கட்டிலில் இருந்த பையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"நாளைக்கும் உப்பு நீங்கதான் மோந்து பாக்கணும்" என்றாள்.

"எனக்குத் தெரியாதேம்மா. பாத்தியே."

"தெரியாட்டி என்ன. இருக்கு, இல்லன்னு எதையாவது சொல்லுங்க. நான் சாப்பிட்டுப் பாத்துச் சொல்றேன்."

உப்பில்லாத அந்தக் கிழங்கின் தோல் மட்டும் மிச்சம் இருந்தது. அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.